உட்காராத குப்பை

வாசிகசாலைச் சுவரில் ஒட்டினார்கள்.
பசை காயுமுன் மழை.
மேலே சிங்களம்; அது சரியாகத்தான் இருந்திருக்கும்.
கீழே நம்முடையது:

உட்காரும் குப்பை திங்கள், வியாழன்.
உட்காராத குப்பை மாதத்தின் இரண்டாம் சனி.
கலந்து வைத்தால் எடுக்கப்படமாட்டாது.

உக்கும், உக்காத என்றுதான்
யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.
டைப் அடித்தவருக்கு அது கொச்சையாகப் பட்டிருக்கிறது.
மரியாதையாகத் திருத்திவிட்டார்.

பொகவந்தலாவைக் கடைவீதி ஒரு கிழமை இதிலேயே ஓடியது.
ரொட்டிக்கடை நவ்ஷாத் வெங்காயத் தோலைப் பார்த்து
"இரிங்க, இரிங்க, டிரக்டர் வரும்" என்றார்.
சலூன் திலகேஸ்வரன்
கூட்டிய மயிரைக் கையில் வைத்துக்கொண்டு
போகிற வருகிறவர்களை நிறுத்தினான்:
தரையில் நன்றாக உட்காருகிறதாம்,
மண்ணில் உக்கத்தான் மாட்டேன் என்கிறதாம்,
இது எந்த நாள்?

வந்து இவரிடம் சொன்னேன்.
கொட்டாஞ்சேனையில் சாரம் சரிந்து
மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த பிறகு
பதினாலு மாதமாக
இவர் பார்ப்பது கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளைத்தான்.
கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தார்.
அப்புறம்,
"அப்படின்னா என்னைய
ரெண்டாவது சனிக்குத்தான் எடுப்பாங்க" என்றார்.

இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன்.
பிறகு பாத்திரம் கழுவப் போனேன்.
கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

தேயிலைச் சக்கை, மரவள்ளித் தோல், லீக்ஸ் வேர்
பச்சை வாளிக்கு.
பால்மாப் பக்கற், சோயாமீட் உறை, ரீலோட் காட்
உரப்பைக்கு.
மருந்துப் போத்தல் பேப்பரில் சுற்றித் தனியாக.
எல்லாம் சரி.
இவருடைய பேம்பர்ஸ்?
உள்ளே உக்கும். வெளியே உக்காது.
சபைக்கு போன் போட்டேன்.
"பிரிச்சுப் போடுங்க" என்றாள் ஒரு பிள்ளை.
எதை எதிலிருந்து என்று கேட்க
வாய் வரவில்லை.

ஒரு இரண்டாம் சனிக்கும் அடுத்ததற்கும் இடையில்
இருபத்தெட்டு நாள்; சில மாதம் முப்பத்தைந்து.
முதலில் நாய் இழுத்தது. பிறகு பன்றி.
அடுத்த காம்பிரா லூர்தம்மா மூக்கைப் பொத்தவில்லை,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது வேறு.
ஓயாவில் போடு என்றார்கள்,
இருட்டினால் எல்லாரும் அங்கேதான்,
காசல்ரீ வரைக்கும் போய் அணைக்கட்டில் முட்டி நிற்கும்,
அது அவர்கள் பாடு.

ஒரு ராத்திரி பாலம்வரை போனேன்.
பனியில் தண்ணீர் தெரியவில்லை, இரைச்சல் மட்டும்.
பையோடு திரும்பி வந்தேன்.
நல்லவள் என்பதால் இல்லை.
யாரோ டோர்ச் அடித்தார்கள்.

டிரக்டர் லயத்துக்கு ஏறாது, மதகடியோடு திரும்பிவிடும்.
அதன் பின்னால் தொங்கி வருகிறவர் பியதிலக்க.
ஒரு திங்கட்கிழமை என் பையைத் தூக்கினார்.
கனம் தெரிந்துவிட்டது.
முடிச்சை அவிழ்க்கவில்லை.
"லெடெக் இன்னவத?" என்றார்.
தலையாட்டினேன்.
"அக்கா, திங்கக்கெழம குடுங்க. பேப்பர் சுத்தி.
மத்த பேக்ல போட வேணா."

எந்த நோட்டீசிலும் இல்லாத சட்டம்.
நாலு மாதமாக அமுலில் இருக்கிறது.

போன கிழமை புதுசு ஒட்டினார்கள்,
பழசின் மேலேயே.
உக்கும். உக்காத. பிழையில்லை.
இவரிடம் சொன்னேன்.
"பழசே நல்லாருந்துச்சு" என்றார்.

இன்று காலை, மழையில் புதுத் தாள் நனைந்து
அடியிலிருந்து பழைய கறுப்பெழுத்து
ஊறி மேலே வந்துகொண்டிருந்தது.
கையில் இரண்டு பையோடு ஒருவன்
கண்ணைச் சுருக்கி வாசித்துக்கொண்டிருந்தான்.
நான் நிற்கவில்லை.
திங்கட்கிழமை.